விற்பவர் நம்மை ஏன் பேட்டி எடுக்கிறார்?

கிருஷ்ணகிரி மாவட்டம் காவேரிப்பட்டினம் பக்கத்திலிருந்து ஒரு வாசகி நான்கு பக்கக் கடிதம் எழுதியிருக்கிறார். பெயரையும் அடையாளம் காட்டும் விவரங்களையும் விட்டுவிட்டுச் சாரத்தை மட்டும் தருகிறேன்.

வாசகி ஒரு கூட்டுறவுச் சங்கத்தில் எழுத்தர். கணவர் மாங்கூழ்த் தொழிற்சாலை ஒன்றில் கணக்குப் பார்க்கிறார். ஒன்பது வயதில் ஒரே மகள், மாமியாரும் உடனிருக்கிறார். மகளின் ஆசைக்காகக் கடந்த பொங்கல் விடுமுறையில் இணைய விளம்பரம் பார்த்து 9,000 ரூபாய்க்கு ஒரு பெர்சியன் பூனைக்குட்டி வாங்கியிருக்கிறார்கள். பெங்களூரிலிருந்து வந்த ஓர் இளைஞர் கிருஷ்ணகிரி பஸ் நிலையத்தில் பழக்கூடையில் வைத்துக் கொடுத்துவிட்டு, அடுத்த பஸ்ஸிலேயே திரும்பிவிட்டார். "60 நாள் குட்டி, ஊசி போட்டாயிற்று, நீலக் கண், அபூர்வ வகை" என்று சொன்னாராம். மூன்றாம் நாள் குட்டி சாப்பாட்டை நிறுத்தியது. மஞ்சளாக வாந்தி எடுத்தது. தண்ணீர்க் கிண்ணத்தின் மேல் தலையைத் தொங்கப் போட்டுக்கொண்டு, ஒரு சொட்டும் குடிக்காமல் மணிக்கணக்கில் உட்கார்ந்திருந்தது. ஆறாம் நாள் விடியும் முன் இறந்துவிட்டது. மகள் பசும்பால் கொடுத்ததுதான் காரணம் என்று வீட்டில் பேச்சு. விற்றவரின் கைப்பேசி அன்றிலிருந்து அணைந்து கிடக்கிறது.

இப்போது மீண்டும் ஒரு குட்டி வாங்க நினைக்கிறார்கள். இரண்டு இடம் தெரிந்திருக்கிறது. ஒருவர், ஓசூரில் வீட்டோடு பூனை வளர்க்கும் ஓர் அம்மா. விலை 25,000. குட்டிக்கு இப்போது ஏழு வாரம். பன்னிரண்டு வாரம் முடியாமல் தர மாட்டேன் என்கிறார். நேரில் வந்து தாயைப் பார்க்கச் சொல்கிறார். கருத்தடை செய்வதாக எழுதிக் கேட்கிறார். போதாததற்கு ஐந்து கேள்விகள்: பகலில் வீட்டில் யார் இருப்பார்கள், குழந்தைக்கு இளைப்பு உண்டா, ஜன்னல்களுக்கு வலை இருக்கிறதா, இதற்கு முன் வளர்த்த பிராணி என்ன ஆயிற்று, குடும்பத்தோடு வெளியூர் போனால் யார் பார்த்துக்கொள்வார்கள். "காசு கொடுப்பது நாம், பேட்டி எடுப்பது அவரா?" என்று கணவருக்குக் கோபம். பழைய குட்டி இறந்ததைச் சொல்லவே கூடாது என்கிறார். இன்னொருவர் பெங்களூர்க்காரர். 12,000 ரூபாய், 45 நாள் குட்டி, "கே.சி.ஐ. சான்றிதழோடு" இன்றைக்கே பஸ் பார்சலில் அனுப்பிவிடுவாராம், 3,000 முன்பணம் அனுப்பினால் போதும். பெண் குட்டியாக வாங்கினால் ஆண்டுக்கு இரண்டு ஈத்து எடுத்துப் போட்ட பணத்தை மீட்டுவிடலாம் என்பது கணவரின் கணக்கு. "தெருவில் ஈனாத பூனையா? காசு கொடுத்துப் பூனை வாங்குவார்களா?" என்பது மாமியாரின் கேள்வி. யாரிடம் வாங்குவது, பழைய பணத்துக்கு வழி உண்டா என்று வாசகி கேட்கிறார்.

அன்புள்ள சகோதரிக்கு,

முதலில் அந்தக் கீறல்

நீங்கள் கேட்காத ஒன்றிலிருந்து தொடங்குகிறேன். கடிதத்தின் மூன்றாம் பக்கத்தில் போகிற போக்கில் ஒரு வரி: "குட்டி மகளின் முன்கையைக் கீறி ரத்தம் வந்தது, மஞ்சள் வைத்தோம், ஆறிவிட்டது." அந்த வரியில்தான் நான் நின்றுவிட்டேன்.

கடித்த அல்லது கீறிய நாயும் பூனையும் பத்து நாள் நலமாக நடமாடினால் வெறிநோய்ப் பயம் இல்லை என்று வைத்துக்கொள்வோம். உங்கள் குட்டி அந்தப் பத்து நாளைத் தாண்டவில்லை. அது வேறு நோயால் இறந்தது என்றுதான் நானும் நினைக்கிறேன். காரணத்தைக் கீழே சொல்கிறேன். ஆனால் உடலைப் பரிசோதிக்காமல் புதைத்தாகிவிட்டது. என் ஊகத்தை நம்பிக் குழந்தையை விட்டுவைக்க முடியாது. வெறிநோய் அறிகுறி தெரிந்த பிறகு அதற்கு மருந்தில்லை. முன்கூட்டி ஊசி போட்டால் வரவே வராமல் தடுக்கலாம். இரண்டு மாதம் கடந்துவிட்டதே என்று தயங்காதீர்கள். இந்த ஊசிக்குக் காலம் கடந்துவிட்டது என்று ஒன்று கிடையாது. ஆரம்ப சுகாதார நிலையத்திலும் அரசு மருத்துவமனையிலும் இலவசமாகவே போடுகிறார்கள். தோலுக்குள் போடுவதென்றால் முதல் நாள், 3, 7, 28ஆம் நாள் என்று நான்கு தவணை. எப்படிப் போடுவது என்பதை அங்குள்ள மருத்துவர் முடிவு செய்வார். நடந்ததை நடந்தபடி சொல்லுங்கள். பூனை வாங்குவது அதற்குப் பிறகு.

பால் கொல்லவில்லை

உங்கள் மகளிடம் இதை நீங்களே வாசித்துக் காட்டுங்கள். பசும்பால் பூனைக்குட்டிக்கு ஒத்துக்கொள்ளாது, வயிற்றுப்போக்கு வரும், அவ்வளவுதான். ஆறு நாளில் உயிரை எடுக்கிற வேலை அதனுடையது இல்லை. சாப்பாட்டை நிறுத்தியது, மஞ்சள் வாந்தி, எல்லாவற்றுக்கும் மேலாகத் தாகமிருந்தும் குடிக்க முடியாமல் கிண்ணத்தின் மேல் தலையைத் தொங்கவிட்டு உட்கார்ந்திருந்தது. கால்நடை மருத்துவனான நான் இதை என் மேஜைக்கு வந்த குட்டிகளிடம் பலமுறை பார்த்திருக்கிறேன். பான்லூக்கோபீனியா என்கிற வைரஸ் நோய்க்கு மிகவும் பொருந்துகிற அடையாளம். குடலையும் ரத்தத்தின் வெள்ளை அணுக்களையும் ஒருசேர அழிக்கிற நோய். மனிதருக்குத் தொற்றாது. உடம்பில் புகுந்து பெரும்பாலும் ஒரு வாரத்துக்குள் வெளிப்படும். மூன்றாம் நாளே தெரிந்துவிட்டதால், உங்கள் வீட்டுக்கு வரும்போதே குட்டி நோயோடுதான் வந்திருக்க வேண்டும்.

"ஊசி போட்டிருந்ததே" என்று கேட்கிறீர்கள். நீங்கள் படமெடுத்து அனுப்பிய அட்டையைப் பெரிதாக்கிப் பார்த்தேன். பிறந்த தேதி நவம்பர் 14. ஊசி போட்ட தேதி டிசம்பர் 6. இருபத்திரண்டாம் நாள்! பூனைக்குட்டிக்கு முதல் தடுப்பூசி ஆறு முதல் எட்டு வார வயதில்தான் தொடங்கும். பிறகு மூன்று நான்கு வாரத்துக்கு ஒருமுறை, பதினாறு வாரம் ஆகும்வரை தொடர வேண்டும். அதற்கு முன் போட்டால், தாய்ப்பாலில் வந்த எதிர்ப்புச் சக்தியே ஊசியை வேலை செய்யவிடாது. அட்டையில் மருந்துக் குப்பியிலிருந்து உரித்து ஒட்டும் சிறு ஒட்டுத்தாள் இல்லை. மருந்தின் தொகுதி (பேட்ச்) எண் இல்லை. மருத்துவரின் பதிவு எண்ணும் இல்லை. பிறந்த தேதியும் ஊசித் தேதியும் அடுத்த தவணைத் தேதியும் ஒரே பேனாவில் ஒரே மூச்சில் எழுதியவை.

இன்னொன்று. மூன்றாம் நாள் உங்கள் ஊர் மருத்துவர் எடை போட்டு 520 கிராம் என்று எழுதிக் கொடுத்திருக்கிறார். நன்றாக வளரும் குட்டி இரண்டு மாதத்தில் ஏறக்குறைய 900 கிராம் இருக்கும். நோயில் கொஞ்சம் இளைத்தது என்று வைத்துக்கொண்டாலும் 520 கிராம் என்பது ஐந்து வாரக் குட்டியின் எடை. "அபூர்வ நீலக் கண்" என்றாரே, அதுவும் அதே கதைதான். எல்லாப் பூனைக்குட்டிகளின் கண்ணும் முதலில் நீலமாகத்தான் இருக்கும்; ஆறு ஏழு வாரத்தில்தான் நிறம் மாறத் தொடங்கும். அப்படியென்றால் உங்கள் குட்டி டிசம்பர் இரண்டாம் வாரத்தில் பிறந்திருக்க வேண்டும். ஊசி டிசம்பர் 6இல். பிறக்கும் முன்பே தடுப்பூசி கண்ட குட்டியை என் அனுபவத்தில் இப்போதுதான் பார்க்கிறேன்.

உங்களுக்கு முக்கியம், இந்த வைரஸ் லேசில் சாகாது. தரை, கூடை, துணி, விரிப்பு எதிலும் ஓராண்டு வரைகூடத் தங்கும். பழைய கூடையையும் படுக்கையையும் குட்டி கழித்த மண் தட்டையும் அப்புறப்படுத்துங்கள். தரையைச் சோப்புப் போட்டுக் கழுவிய பிறகு, ஒரு பங்கு பிளீச் திரவத்துக்கு முப்பது பங்கு தண்ணீர் கலந்து பத்து நிமிடம் ஊறவிட்டு மீண்டும் நல்ல தண்ணீரால் கழுவுங்கள். பினாயில், டெட்டால் வகையெல்லாம் வேண்டாம். பூனையின் கல்லீரலால் அவற்றைச் செரிக்க முடியாது. துடைத்த தரையில் நடந்து காலை நக்கினாலே நஞ்சாகும். கழுவினாலும் முழு நம்பிக்கை வைக்க முடியாது என்பதால், அடுத்து வரும் குட்டி இரண்டு தவணை ஊசியாவது ஒழுங்காக முடித்து வர வேண்டும். இங்கேதான் ஓசூர் அம்மாவின் "பன்னிரண்டு வாரம்" உங்களுக்குச் சாதகமாகிறது. 45 நாள் குட்டியை இந்த வீட்டுக்குள் விடுவது அதே குழிக்கு இன்னொன்றை அனுப்புவதுதான்.

அந்த ஐந்து கேள்விகள்

உங்கள் கணவரின் கோபம் எனக்குப் புரிகிறது. ஆனால் போச்சம்பள்ளி ஞாயிற்றுக்கிழமைச் சந்தைக்குப் போனவர் அவர் என்றால் ஒன்றைக் கவனித்திருப்பார். வியாபாரி மாட்டை விற்கும்போது துண்டுக்கடியில் விரல் பிடித்து விலை பேசுவான். விலை படிந்தால் கயிறு கை மாறும், கதை முடிந்தது. வீட்டில் கன்றிலிருந்து வளர்த்த மாட்டைக் கஷ்டத்துக்கு விற்க வந்த பெண்மணி அப்படியா நிற்கிறாள்? "எந்த ஊர்? வளர்க்கத்தானே? வெட்டுக்கு இல்லையே?" என்று மூன்று முறை கேட்பாள். அவளுடைய மாட்டைத்தான் நாம் நம்பி வாங்குவோம். ஓசூர் அம்மா இரண்டாவது ரகம். பெங்களூர்க்காரர் உங்களிடம் கேட்ட ஒரே கேள்வி முன்பணம் எப்போது வரும் என்பது.

பகலில் ஆள் இருக்கிறார்களா என்று ஓசூர் அம்மா கேட்பது, மூன்று மாதக் குட்டிக்கு ஒரு நாளைக்கு மூன்று நான்கு வேளை உணவு வேண்டும் என்பதால். ஜன்னல் வலை, மாடியிலிருந்து விழுந்து வரும் பூனைகளை நாங்கள் பார்ப்பதால். இளைப்புக் கேள்வி முக்கியமானது. உங்கள் மகளுக்குப் பனிக்காலத்தில் லேசாக இளைக்கும் என்று எழுதியிருக்கிறீர்கள். பூனை முடி மூச்சில் போய் ஆஸ்துமா வரும் என்று ஊரில் சொல்வதில் பாதிதான் உண்மை. ஒவ்வாமையைக் கிளப்புவது முடி இல்லை. பூனையின் எச்சிலிலும் தோலிலும் சுரக்கிற ஒரு புரதம். நக்கி நக்கி அதை முடியில் பூசிக்கொள்கிறது. அதனால் குட்டை முடிப் பூனை என்றாலும் தப்ப முடியாது. மகளை அழைத்துக்கொண்டு ஓசூருக்கு இரண்டு முறை போய், ஒவ்வொரு முறையும் ஒரு மணி நேரம் பூனைகளோடு உட்கார வையுங்கள். கண் அரிப்பு, தும்மல், இளைப்பு வந்தால் இந்த எண்ணத்தை விட்டுவிடுங்கள். வாங்கிய பிறகு தெரிந்தால் குழந்தைக்கும் கஷ்டம், பூனைக்கும் கஷ்டம்.

நான்காவது கேள்விக்கு மறைக்காமல் பதில் சொல்லுங்கள். இறந்ததைச் சொன்னால் தர மாட்டார் என்று பயப்படுகிறீர்கள். விஷயம் தெரிந்த வளர்ப்பாளர் என்றால், தடுப்பூசி முடியும்வரை குட்டியை இன்னும் சில வாரம் வைத்திருந்து தருவார். மறைத்து வாங்கி, குட்டி மறுபடியும் இறந்தால் யார் பொறுப்பு?

பன்னிரண்டு வாரம் என்பது ஊசிக்காக மட்டும் இல்லை. கடிக்கிற வேகத்தை அடக்குவது, மண் தட்டில் கழிப்பது, சண்டைக்கும் விளையாட்டுக்கும் வித்தியாசம் அறிவது எல்லாம் தாயிடமும் கூடப் பிறந்தவற்றிடமும் கற்கிற பாடம். சீக்கிரம் பிரித்த குட்டிதான் பிற்பாடு குழந்தையின் கையைக் குதறும். உங்கள் வீட்டில் ஒரு முறை ரத்தம் பார்த்தாயிற்று.

சான்றிதழ் என்றால் எந்தச் சான்றிதழ்?

"கே.சி.ஐ. சான்றிதழோடு பூனை" என்ற ஒரு வரிக்காகவே பெங்களூர்க்காரரை விட்டுவிடலாம். கே.சி.ஐ. என்பது கென்னல் கிளப் ஆஃப் இந்தியா. அது நாய்களைப் பதிவு செய்கிற அமைப்பு; பூனையைப் பதிவு செய்வதில்லை. பூனைக்கு வம்சாவளி பதிகிற அமைப்புகள் வேறு: அமெரிக்காவில் 1906இல் தொடங்கிய சி.எஃப்.ஏ., 1979இல் தொடங்கிய டி.ஐ.சி.ஏ., ஜெர்மனியில் தலைமையகம் கொண்ட டபிள்யூ.சி.எஃப். போன்றவை. வம்சாவளித் தாளில் பெற்றோர், பாட்டன், பூட்டன் பெயர்களும் பதிவு எண்களும் இருக்கும். தோலுக்கடியில் மைக்ரோசிப் என்கிற அடையாளச் சில்லைப் பொருத்தியிருந்தால் அதன் 15 இலக்க எண் தாளிலும் குட்டியிலும் ஒன்றாக இருக்க வேண்டும்; மருத்துவரிடம் உள்ள கருவியால் ஒரு நொடியில் பார்த்துவிடலாம். ஆனால் அந்தத் தாள் பூனையின் குலத்தைச் சொல்லுமே தவிர நலத்தைச் சொல்லாது. கண்காட்சிக்கு அனுப்பப் போவதில்லை என்றால், உங்களுக்கு அது கட்டாயமும் இல்லை.

நீங்கள் கட்டாயம் கேட்க வேண்டிய தாள் இன்னொன்று. பெர்சியன் இனத்தில் சிறுநீரகத்தில் நீர்க்கட்டிகள் பெருகும் பரம்பரை நோய் ஒன்று உண்டு, பி.கே.டி. என்பார்கள். மேலைநாட்டு ஆய்வுகளில் ஒரு காலத்தில் பெர்சியன்களில் மூன்றில் ஒன்றுக்கு மேல் இது இருந்தது. குட்டியில் எதுவும் தெரியாது. ஆறேழு வயதில், நீங்கள் அதைப் பிள்ளையாகவே பாவிக்கத் தொடங்கிய பிறகு, சிறுநீரகம் செயலிழக்கும். காரணமான மரபணுப் பிழை 2004இல் கண்டறியப்பட்டது. கன்னத்தின் உட்புறத்தைப் பஞ்சுக்குச்சியால் தடவி ஆய்வகத்துக்கு அனுப்பினால் தெரிந்துவிடும். தாய் தந்தை இரண்டுக்கும் அந்தப் பிழை இல்லை என்றால் குட்டிக்கு வராது. பெற்றோரில் ஒன்றுக்கு இருந்தாலே ஒவ்வொரு குட்டிக்கும் பாதிக்குப் பாதி வாய்ப்பு. ஓசூர் அம்மாவிடம் இந்தச் சோதனை முடிவைக் கேளுங்கள். தாளை எடுத்து நீட்டினால் அந்த 25,000க்குப் பொருள் உண்டு. "அப்படி ஒன்றா? கேள்விப்பட்டதே இல்லை" என்றால், எவ்வளவு நல்ல மனுஷியாக இருந்தாலும் நான் யோசிப்பேன், செலவை நீங்களே ஏற்றாவது தாய்க்கும் தந்தைக்கும் சோதனை செய்யச் சொல்லுங்கள்.

பஸ் பார்சல் பற்றி ஒரு வரி: விலங்குகளைக் கொண்டுசெல்வதற்கான 1978ஆம் ஆண்டு விதிகளின்படி, பூனையை அனுப்புவதற்குப் பயணத்துக்குத் தகுதியானது, தொற்றுநோய் இல்லை என்று கால்நடை மருத்துவரின் சான்று உடன் இருக்க வேண்டும். அட்டைப் பெட்டியில் துளை போட்டு டிரைவர் இருக்கைக்குப் பின்னால் தள்ளுவது அந்தக் கணக்கில் வராது.

ஓசூருக்குப் போகும்போது

"தாயைத் தண்ணீர்த் துறையில் பார்த்தால் பிள்ளையை வீட்டில் போய்ப் பார்க்க வேண்டாம்" என்பார்கள். பூனைக்கு அப்படியே பொருந்தும். குட்டிகள் எல்லாமே அழகுதான். அவற்றைப் பார்த்த பிறகு புத்தி வேலை செய்யாது. எனவே முதலில் தாயைக் காட்டச் சொல்லுங்கள். ஆள் வந்ததும் கட்டிலடியில் பதுங்கி நடுங்குகிறதா, அல்லது வந்து முகர்ந்து பார்க்கிறதா? முதுகெலும்பு கையில் தட்டுகிறதா? கண்ணிலும் மூக்கிலும் ஒழுக்கு இருக்கிறதா? எத்தனையாவது ஈத்து, முந்தைய ஈத்து எப்போது என்று கேளுங்கள். ஈத்துக்கு ஈத்து இடைவெளி விடாமல் குட்டி எடுப்பவர் தாயைக் கறக்கிறார் என்று பொருள். தந்தைப் பூனை அங்கே இல்லாமல் போகலாம். ஆண் பூனையை வேறிடத்தில் வைத்திருப்பது வழக்கம்தான், அதைக் குற்றமாக எடுத்துக்கொள்ள வேண்டாம்.

வீட்டுக்குள் நுழைந்ததும் மூக்கைப் பயன்படுத்துங்கள். கண் எரிகிற அளவுக்குச் சிறுநீர் நெடி என்றால் பூனைகள் கூட்டமாகக் கூண்டில் அடைபட்டிருக்கின்றன. எந்தப் பூனையாவது தும்முகிறதா என்று காது கொடுங்கள்.

குட்டியிடம் பார்க்க வேண்டியவை இவை:

மூச்சு: குறட்டைச் சத்தம் இல்லாமல், வாயை மூடியபடி மூச்சுவிட வேண்டும். முகம் தட்டையாக அமுங்கிய "பஞ்ச் ஃபேஸ்" குட்டிக்கு விலை அதிகம், மூச்சுத் தொல்லையும் கண்ணீர் வழிவதும் அதிகம். மூக்கு கொஞ்சம் வெளியே தெரிகிற "டால் ஃபேஸ்" உங்கள் ஊருக்கு நல்லது. ஓசூர் கடல் மட்டத்திலிருந்து ஏறக்குறைய 900 மீட்டர் உயரத்தில் குளிர்ச்சியாக இருக்கிறது. அங்கே பிறந்த கம்பளிக்காரியைச் சித்திரை வெயிலில் தென்பெண்ணைக் கரைக்கு இறக்குகிறீர்கள்.

தோல்: காது மடல், மூக்கு, கால் நுனிகளில் முடி உதிர்ந்த வட்டம் இருந்தால் படர்தாமரை. பெர்சியன்களில் சகஜம், குழந்தைக்கும் தொற்றும். ஆறிய பிறகு வாங்குங்கள்.

காதுக்குள் காப்பித்தூள் போல் கருப்பு அழுக்கு இருந்தால் காதுப் பூச்சி. உடம்பு ஒட்டி வயிறு மட்டும் உப்பியிருந்தால் குடற்புழு. இரண்டும் சரியாகக்கூடியவை, மருந்து கொடுத்த பிறகு தரச் சொல்லலாம்.

எடை: கையோடு ஒரு சமையலறைத் தராசு எடுத்துப் போங்கள். பன்னிரண்டு வாரக் குட்டி ஏறக்குறைய ஒன்றேகால் கிலோ இருக்க வேண்டும்.

அச்சாரம் கொடுக்கும்போது எழுத்தில் வாங்குங்கள்: பிறந்த தேதி, தாய் தந்தை விவரம், ஊசி போட்ட தேதிகளும் தொகுதி எண்களும், கொடுத்த தொகை. வாங்கிய சில நாள்களுக்குள் உங்கள் மருத்துவர் பரிசோதித்துத் தொற்றுநோயோ பிறவிக் குறையோ கண்டால் திருப்பிக் கொடுத்துப் பணத்தைப் பெறலாம் என்ற வரி கட்டாயம் இருக்கட்டும். அவர் உங்களிடம் எழுதி வாங்குகிறார் இல்லையா, நீங்களும் அவரிடம் எழுதி வாங்குங்கள். நேர்மையானவர் முகம் சுளிக்க மாட்டார்.

குட்டி போட்டு விற்கும் கணக்கு

உங்கள் கணவர் கணக்குப் பார்ப்பவர்; அவரிடம் செலவுப் பத்தியையும் எழுதச் சொல்லுங்கள். தட்டை முகப் பூனைகளுக்குக் குட்டியின் தலை பெரிது, பிரசவம் சிக்குவது உண்டு. நள்ளிரவில் பெங்களூருக்கு வண்டி எடுத்து அறுவைச் சிகிச்சைக்கு ஓட வேண்டிவரலாம். தாய்க்குச் சோதனைகள், நல்ல தந்தைக்குக் கட்டணம், நான்கு குட்டிக்கும் பன்னிரண்டு வாரத் தீனி, ஊசி. இதையெல்லாம் கழிக்காமல் லாபம் காட்டுகிறவர், பொங்கலன்று பஸ் நிலையத்தில் கூடையோடு வந்த அந்த இளைஞர்தான். உங்கள் வீட்டில் அப்படி ஒரு வியாபாரம் தொடங்க வேண்டுமா?

கருத்தடை ஐந்தாறு மாத வயதில் செய்துவிடலாம். கருப்பையில் சீழ் பிடிக்கும் ஆபத்து நீங்கும். மார்பகக் கட்டி வரும் வாய்ப்பு வெகுவாகக் குறையும். சினைப்பருவத்தில் இரவெல்லாம் கத்தி அக்கம்பக்கத்தை எழுப்பாது. ஓசூர் அம்மா கையெழுத்துக் கேட்பதற்குக் காரணம், தன் வீட்டில் பிறந்த குட்டி இன்னொருவரின் குட்டி போடும் இயந்திரமாகக் கூடாது என்பது. அதில் அவர் பக்கம் நியாயம் இருக்கிறது.

அந்த ஒன்பதாயிரம்

நான் கால்நடை மருத்துவன், வழக்கறிஞன் இல்லை. ஆனால் இதுபோன்ற விவகாரங்களில் சான்று எழுதிக் கொடுத்த அனுபவத்தில் சொல்கிறேன். நாய்களுக்கு 2017ஆம் ஆண்டின் இனவிருத்தி, விற்பனை விதிகள் இருக்கின்றன. பூனைக்கென்று அப்படித் தனி விதி இல்லை. செல்லப்பிராணிக் கடைகள் மாநில விலங்கு நல வாரியத்தில் பதிய வேண்டும் என்று 2018ஆம் ஆண்டு விதிகள் சொல்கின்றன. பஸ் நிலையத்தில் கூடையோடு வந்தவரை எந்தப் பதிவேட்டில் தேடுவது?

இருந்தாலும் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம், 2019 உங்களுக்குத் துணை. விற்றவர் பெங்களூரில் இருந்தாலும் நீங்கள் வசிக்கும் மாவட்டத்தின் நுகர்வோர் குறைதீர் ஆணையத்தில் புகார் கொடுக்கலாம். இரண்டு ஆண்டுக்குள் கொடுக்க வேண்டும். 5 லட்சம் ரூபாய் வரையிலான புகாருக்குக் கட்டணம் இல்லை, வழக்கறிஞர் கட்டாயமில்லை. விளம்பரத்தின் படம், உரையாடல், பணம் அனுப்பிய ரசீது, அந்த அட்டை, 520 கிராம் என்று எழுதிய மருத்துவச் சீட்டு ஐந்தும் உங்களிடம் இருக்கின்றன. தேதிப் பொய் அட்டையிலேயே பளிச்சென்று தெரிகிறது. பலவீனம் இரண்டு: பிரேதப் பரிசோதனை இல்லை, எதிராளியின் முகவரி இல்லை. முகவரி கிடைக்காமல் அறிவிப்பு அனுப்ப முடியாது. பணம் போன வங்கிக் கணக்கின் பெயரிலிருந்து முயலலாம். கிடைக்காவிட்டால் இதற்காக அலைய வேண்டாம் என்பது என் கருத்து. அந்த நேரத்தை மகளின் நான்கு ஊசிக்குச் செலவிடுங்கள். இனி யாருக்காவது முன்பணம் அனுப்பி ஏமாந்தால், அன்றைக்கே 1930 என்ற இணைய மோசடி உதவி எண்ணில் சொல்லுங்கள். தாமதமானால் பணத்தை நிறுத்தி வைப்பது கடினம்.

உங்கள் மாமியார் சொல்வதும் சரிதான்

அவர் கேட்டதைச் சிரித்து ஒதுக்கிவிடாதீர்கள். நாட்டுப் பூனைக்கு இந்த வெயில் பழக்கம், பி.கே.டி. பயம் மிகக் குறைவு, தினமும் சீவ வேண்டாம், கண்ணைத் துடைக்க வேண்டாம். பெர்சியனுக்கு அன்றாடம் சீப்பு எடுக்காவிட்டால் பத்து நாளில் அக்குளில் முடி சடையாகி, பிறகு என்னிடம் மழிக்க வர வேண்டியிருக்கும். ஒன்பது வயதுக் குழந்தை முதல் மாதம் ஆசையாகச் சீவும். அதற்குப் பிறகு அந்த வேலை உங்கள் தலையில். உங்கள் மகளுக்கு வேண்டியது ஒரு பூனையா, பெர்சியன் பூனையா என்று அவளிடமே ஒருமுறை கேளுங்கள். தெருக்குட்டியை எடுத்தாலும் இரண்டு தவணை ஊசியாவது முடித்த பிறகே வீட்டுக்குள் விடுவது, மீதித் தவணை ஊசி, வெறிநோய் ஊசி, கருத்தடை எல்லாம் அதேபோலத்தான்.

எந்தப் பூனை வந்தாலும், மாட்டுக்கு அடிக்கிற உண்ணி மருந்தையும் நாய்க்கு வாங்கும் தெள்ளு மருந்தையும் அதன் மேல் தடவவோ தெளிக்கவோ வேண்டாம். மாமியார் இரண்டு மாடு வைத்திருப்பதாக எழுதியிருக்கிறீர்கள், அதனால் சொல்கிறேன். அவற்றில் பலவற்றில் உள்ள பெர்மெத்ரின் வகை மருந்து பூனைக்கு வலிப்பு வரவழைத்துக் கொன்றுவிடும். காய்ச்சலுக்கென்று பாராசிட்டமாலும் கொடுக்காதீர்கள்.

பெர்சியன்தான் என்று முடிவானால் ஓசூருக்கே போங்கள். குட்டியை எடுத்து வரும் நாளில், தாய் படுத்த துணியில் ஒரு துண்டு வாங்கிக் கூடையில் விரியுங்கள். அங்கே கொடுத்த அதே தீனியை ஒரு வாரத்துக்கு மாற்றாதீர்கள்.

அந்த ஐந்து கேள்விகளில் நான்குக்கு உங்கள் கடிதத்திலேயே பதில் இருக்கிறது. ஐந்தாவதற்கு மட்டும் இல்லை: நீங்கள் மூவரும் வெளியூர் போனால் பூனையை யார் பார்த்துக்கொள்வார்கள்? ஓசூருக்குக் கிளம்பும் முன் மாமியாரிடம் கேட்டுவிடுங்கள்.